வாயுள்ள பிள்ளைக்கு மட்டுமான படிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கல்வி மலரைப் படித்தேன். பொறியியலுக்கு முழுப் பக்கம், மருத்துவத்துக்கு முழுப் பக்கம், சி.ஏ.வுக்கு அரைப் பக்கம். மாஸ் கம்யூனிகேஷனுக்குக் கடைசிப் பக்கத்து மூலையில் ஒரு சின்னக் கட்டம். பேச்சுத் திறமை இருந்தால் டிவி அறிவிப்பாளர் ஆகலாம், ஆர்வம் இருந்தால் நிருபர் ஆகலாம் என்பதோடு விஷயம் முடிந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தாராவியிலிருந்து ஒரு தந்தை இதே வாசகர் கடிதப் பகுதிக்கு எழுதியிருந்தார். மகள் இந்தப் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "இது சோறு போடும் படிப்பா?" என்று கேட்டிருந்தார். யாராவது பதில் எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டிலும் கேட்கப்பட்ட கேள்விதான் இது. அப்பா துறைமுகத்தில் கிளார்க், வீடு ஆன்டாப்ஹில்லில். ஏழாம் வகுப்புவரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ஆங்கில வழிக்கு மாறி, ஜூனியர் காலேஜில் காமர்ஸ் முடித்தேன். மும்பைப் பல்கலைக்கழகம் 2000-இல் பி.எம்.எம். என்ற மாஸ் மீடியா பட்டப்படிப்பைத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்த நேரம். அதில் சேரப் போகிறேன் என்றதும் அம்மா, "ஏட்டி, பேசுததுக்கு ஒரு படிப்பா? அதுதான் உனக்கு ஏற்கனவே வருமே" என்றார். அப்பா எதுவும் சொல்லாமல் ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அந்தப் படிப்பு 2019-20 கல்வியாண்டிலிருந்து பி.ஏ.எம்.எம்.சி. ஆகிவிட்டது, மல்டிமீடியாவும் பெயரில் சேர்ந்துகொண்டது. மாட்டுங்கா, சயான் பக்கம் பிள்ளைகள் இன்னமும் பி.எம்.எம். என்றுதான் சொல்கிறார்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தத் தொழிலில் நன்றாகப் பிழைக்கிறவர்கள் என்று நான் பார்த்தவர்களில் பலர் அதிகம் பேசாதவர்கள்.

நான் பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸில் ஒரு நிறுவனத்தின் கம்யூனிகேஷன்ஸ் பிரிவில் இருக்கிறேன். காலாண்டு முடிவு வெளியாகும் நாள் எங்களுக்கு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். உள்ளே இயக்குநர் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். கூட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் முடிவுகளைப் பங்குச் சந்தைகளுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பது பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் விதி. சந்தை மூடிய பிறகு கூட்டம் முடிந்தால் மூன்று மணி நேரம் தருகிறார்கள். எங்கள் பத்திரிகைக் குறிப்பும் கூடவே போகும். அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே அந்தக் குறிப்பு கணக்குப் பிரிவு, சட்டப் பிரிவு, கம்பெனி செக்ரட்டரி என்று மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். யார் யார் அதைப் பார்த்தார்கள் என்பதற்கே ஒரு பதிவு உண்டு. எண்கள் முன்கூட்டியே கசிந்தால், உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்கிற இன்சைடர் டிரேடிங் விவகாரமாகிவிடும்.

கடைசி நேரத்தில் ஏதாவது ஒரு எண் மாறும். தலைப்பில் மாற்றியவர்கள் மூன்றாவது பத்தியில் மாற்றியிருக்க மாட்டார்கள். சொல்லியிருப்பது வரிக்கு முந்தைய லாபமா, நிகர லாபமா? ஒப்பிட்டிருப்பது போன காலாண்டோடா, போன வருடத்து இதே காலாண்டோடா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதைப் பார்ப்பதுதான் வேலை. குறிப்பு வெளியே போனதும் நிருபர்களின் போன் வர ஆரம்பிக்கும். பதில் தெரிந்தால் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, உண்மையிலேயே கேட்டுச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் என் குரல் இனிமையாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அது யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

விளம்பர ஏஜென்சி என்றாலும் அப்படித்தான். எல்லோருக்கும் வாசகம் எழுதுபவர்தான் ஞாபகத்துக்கு வருவார். மீடியா பிளானிங் என்று ஒரு பிரிவு இருப்பது வெளியே தெரியாது. ஒரு சலவைத்தூள் கம்பெனி தமிழ்நாட்டில் இத்தனை கோடி செலவழிக்கப் போகிறது என்றால், அதில் எந்த சேனலுக்கு எவ்வளவு, எந்த நேரத்துக்கு எவ்வளவு, எந்தப் பத்திரிகையில் எத்தனை சதுர சென்டிமீட்டர், யூடியூபுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது இவர்கள்தான். டிவி நேரத்துக்குப் பத்து விநாடிக்கு இவ்வளவு என்று பேரம் நடக்கும். யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதற்கு பார்க் அமைப்பு 2015 முதல் தரும் வாராந்தரக் கணக்கு, பத்திரிகை விற்பனைக்கு 1948-இலிருந்து இருக்கும் ஏ.பி.சி.யின் சான்று. நாள் முழுக்க எக்ஸெல்தான். கணக்கு பிடித்த, நாலு பேர் முன்னால் நிற்கக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு அருமையான இடம் இது. உங்கள் மலரின் அந்தக் கட்டத்தைப் படித்தால் அப்படிப்பட்ட பிள்ளை இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. உங்கள் பத்திரிகைக்கு வரும் பெரிய கம்பெனி விளம்பரங்கள்கூட லோயர் பரேலிலோ அந்தேரியிலோ உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பி.எம்.எம். பிள்ளையின் எக்ஸெல் கட்டத்தைத் தாண்டித்தான் வருகின்றன.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் வந்த பிறகு இன்னொரு வாசல் திறந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றானதால், அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமோ கிணறோ கட்டும் தொண்டு நிறுவனங்களுக்கு அதை எழுதிக் காட்டவும் படம்பிடித்துக் காட்டவும் ஆள் தேவைப்படுகிறது. அரசு வேலை வேண்டும் என்பவர்களுக்கு இந்தியத் தகவல் பணி இருக்கிறது. அதில் குரூப் ஏ பதவிக்கு சிவில் சர்வீஸ் தேர்வு எழுதித்தான் போக வேண்டும், அந்தத் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும்.

எந்தப் பட்டமும் போதும் என்பதைத்தான் அந்தத் தந்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, டாக்டருக்கும் பதிவு எண் இருக்கிறது. எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. எங்கள் பிரிவில் ஆங்கில இலக்கியம் படித்தவர் இருக்கிறார், சி.ஏ.வைப் பாதியில் விட்டவரும் இருக்கிறார். பட்டத்தைக் காட்டி யாரும் உள்ளே வர முடியாது, பட்டம் இல்லை என்று யாரையும் தடுக்கவும் முடியாது. அப்படியென்றால் மூன்று வருடம் எதற்கு? எழுதி, திருத்தி, பக்கம் அமைத்து, படம் பிடித்து, நாலு வேலையைக் கெடுத்துப் பழகுவதற்கு. மூன்றாம் வருட முடிவில் கையில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் இன்டர்வியூவில் எடுபடும்.

அதனால் கல்லூரி தேடும்போது கட்டடத்தையும் கேன்டீனையும் பார்க்காமல், போன வருடத்துப் பிள்ளைகள் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் மூன்றாம் வருடத்தில் விளம்பரம் அல்லது இதழியல் என்று பிரிய வேண்டும். இதழியல் எடுத்தவர்கள் ஒரு முழுப் பத்திரிகை தயாரித்தே ஆக வேண்டும். குவார்க் எக்ஸ்பிரஸில் பக்கம் அமைத்தோம். அச்சுச் செலவுக்கு மாட்டுங்கா பூக்கடைகளிலும் காபித்தூள் கடைகளிலும் விளம்பரம் கேட்டு அலைந்தோம். ஒரு பூக்கடைக்காரர், "உங்க பேப்பரை யாரும்மா படிப்பாங்க?" என்று கேட்டார். எத்தனை பிரதி அடிக்கிறோம், எந்தெந்தக் கல்லூரியில் கொடுக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் இருநூறு ரூபாய் கொடுத்தார். மீடியா பிளானிங்கில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். வகுப்பில் அந்தப் பாடம் அதற்கப்புறம்தான் வந்தது.

பணத்தைப் பற்றி ஒன்று. கல்லூரி அரசு உதவி பெறும் கல்லூரியாக இருந்தாலும் இந்தப் படிப்பு பெரும்பாலும் அரசு உதவி இல்லாத செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில்தான் நடக்கிறது. பி.ஏ. ஃபீஸை மனதில் வைத்துக்கொண்டு போனால் அலுவலகக் கவுன்டரில் அதிர்ச்சி காத்திருக்கும். கூடவே லேப்டாப், பிரிண்ட் அவுட், ஷூட்டிங் அன்று வண்டிச் செலவு. இவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். புதிய கல்விக் கொள்கையில் நான்காம் வருடம் படிக்கும் வாய்ப்பும் உண்டு. என்னைக் கேட்டால், மூன்று வருடம் முடித்துக் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரிந்த பிறகு மேற்படிப்புக்குப் போவது நல்லது. மும்பையிலேயே 1969-இலிருந்து இயங்கும் சேவியர் இன்ஸ்டிடியூட் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் இருக்கிறது, தேவ்னாரில் டிஸ் என்கிற டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. டெல்லியில் 1965-இல் தொடங்கி 2024-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஐ.ஐ.எம்.சி. (இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் மாஸ் கம்யூனிகேஷன்), படம் எடுக்கப் பழக ஜாமியா மிலியா பல்கலைக்கழகத்தின் மாஸ் கம்யூனிகேஷன் மையம், பத்திரிகைத் தொழிலுக்குச் சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், விளம்பரத்துக்கு அகமதாபாத்தில் மைக்கா. இவற்றில் சிலவற்றின் கட்டணம் நம்மைப் போன்ற வீடுகளுக்குக் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். இந்த ஊரில் நம் பிள்ளைகளிடம் இருந்தும் அவர்களுக்கே தெரியாத சொத்து இது. சயான் கோலிவாடாவில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, அந்தேரி மேற்கில் வீரா தேசாய் சாலைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்குத் தமிழ் டப்பிங் ஸ்கிரிப்ட் எழுதுகிறார். அங்கே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இந்தித் தொடர் ஒன்றின் காட்சி. திரையில் மாமியார் வாயை மூடும் இடத்தில் தமிழிலும் ப-வோ ம-வோ வர வேண்டும். இல்லாவிட்டால் உதடு ஒட்டியிருக்கும்போது குரல் மட்டும் திறந்திருக்கும். அர்த்தம் சரியாக அமைந்துவிட்ட வரியைத் தம்பி உதட்டுக்காகக் கலைத்துப் போட்டார். உதட்டுக்குச் சரியானதும் நீளம் கூடிவிட்டது. நீளத்தைக் குறைத்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுக்கிற அக்கா, "தம்பி, இதுல மாமியார் கோபமே வரலியே" என்றார். மறுபடியும் முதலிலிருந்து. இந்தியும் புரிந்து, தமிழும் எழுத வந்து, பாந்த்ராவைத் தாண்டி ரயில் பிடித்து வரத் தயாராக இருக்கிற ஆட்கள் குறைவு. இதுபோலவே இந்த ஊர் ஏஜென்சிகளில் இந்தியில் யோசித்த விளம்பரத்தைத் தமிழில் கொண்டுவருகிற வேலையும் ஓயாமல் வருகிறது.

ஆனால் நம் பிள்ளைகளில் பலர் தமிழை வீட்டில் பேசுவதோடு சரி. மாட்டுங்காவில் கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். தாராவி அண்ணாச்சியின் மகள் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்றால், அவள் கூடப் படிக்கிற பிள்ளைகளைவிட ஒரு படி மேலே நின்றுதான் ஆரம்பிக்கிறாள். இந்த வேலையில் மாதச் சம்பளம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சப்டைட்டில் வேலைக்குப் பெரும்பாலும் படத்தின் நிமிடக் கணக்கில்தான் பணம். அதுவும் இழுத்தடித்து வரும்.

நிருபர் வேலையைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்பச் சம்பளம் குறைவு, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ரேடியோ ஜாக்கி ஆகி நாட்டு நடப்பைப் பேசலாம் என்று நினைக்கும் பிள்ளைகள், தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போகட்டும். ஆனாலும் ஒரு செய்தி அறையில் சப்-எடிட்டராக இரண்டு வருடம் உட்கார்ந்தவரை எங்கள் துறையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வோம்.

என்னை உண்மையில் கோபப்படுத்தும் விஷயம் இன்டர்ன்ஷிப். என் அக்கா மகள் டோம்பிவிலியிலிருந்து தாதருக்கு வந்து, அங்கே வெஸ்டர்ன் லைனுக்கு மாறி, அந்தேரியில் ஒரு டிஜிட்டல் ஏஜென்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலை ரயிலில் டோம்பிவிலியில் ஏறுவது என்றால் என்னவென்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். ஒரு சமையல் எண்ணெய் பிராண்டின் சமூக ஊடகப் பக்கம் முழுவதையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். இரவில் யாராவது புகார் போட்டால் பதில் சொல்வதும் அவள்தான். பணம்? "எக்ஸ்போஷர் கிடைக்கிறதே" என்றார்கள். ரயில் பாஸுக்குக்கூட ஒரு பைசா தரவில்லை. அந்த பிராண்டுக்கு மாதாமாதம் பில் போனது, அவளுக்குக் கடைசியில் ஒரு சான்றிதழ் வந்தது. அதிலும் பெயரில் எழுத்துப்பிழை. இப்படி நடத்துகிறவர்களிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம் என்று பெற்றோர் சொல்லலாம். அதைவிட, இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பும் கல்லூரிகள் ஸ்டைபண்ட் என்கிற உதவித்தொகை தராத இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று சொன்னால்தான் அந்த நிறுவனங்களுக்கு உறைக்கும்.

ஏ.ஐ. வந்த பிறகு இது இன்னும் சிக்கலாகியிருக்கிறது. வழக்கமான பத்திரிகைக் குறிப்பின் முதல் வரைவை இப்போது எங்கள் அலுவலகத்திலும் மெஷின்தான் எழுதுகிறது. முன்பெல்லாம் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு அதைத்தான் கொடுப்போம். எழுதிக்கொண்டு வரும், சிவப்புப் பேனாவால் கிழிப்போம், மறுபடி எழுதும். அப்படித்தான் நாங்களும் பழகினோம். அந்த முதல் படிக்கட்டு காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. மெஷின் எழுதியதில் நிகர லாபமும் வரிக்கு முந்தைய லாபமும் குழம்பியிருந்தால் கண்டுபிடிக்கத் தெரிகிற ஆள்தான் இப்போது தேவை. அப்படிக் கண்டுபிடிக்கும் கண், சொந்தமாக எழுதித் திட்டு வாங்காமல் எப்படி வரும் என்று எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. பாடத்திட்டம் போடுகிறவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தாராவி அண்ணாச்சிக்கு நேராகவே சொல்கிறேன். அண்ணாச்சி, சோறு போடும். முதல் இரண்டு மூன்று வருடம் ரசம் சோறுதான். பக்கத்து வீட்டு ஐ.டி. பையன் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனசு கேட்காது, அதனால் ஒப்பிட வேண்டாம். டிவியில் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் உங்கள் மகள் கேட்கிறாள் என்றால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறவள், எழுதியதைத் திருத்தச் சொன்னால் முகம் சுளிக்காதவள் என்றால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போய், மூன்றாம் வருடப் பிள்ளைகள் நாலு பேரிடம் பேசவிடுங்கள். ஆசிரியர்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த வருடக் கல்வி மலரில் இந்தப் படிப்புக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். மீடியா பிளானர், டப்பிங் எழுத்தாளர், ஒரு கம்பெனியின் கம்யூனிகேஷன்ஸ் ஆள் என்று இந்த ஊர்த் தமிழர்களையே பிடித்துப் பேட்டி எடுக்கலாம். அப்புறம், உங்கள் மும்பை அலுவலகத்திலேயே கோடை விடுமுறையில் தமிழ் எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சம்பளம் வேண்டாம். ரயில் பாஸும் மதியச் சாப்பாடும் கட்டுப்படியாகிற ஸ்டைபண்ட் போதும். ஒப்புக்கொண்டால், வாராவாரம் சனிக்கிழமை வந்து அவர்கள் எழுதியதைச் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுக்க நான் தயார்.

என் பெயரை வெளியிட வேண்டாம். நிறுவனத்தின் சார்பில் பத்திரிகைகளிடம் பேசும் வேலையில் இருப்பதால், என் சார்பில் பேசுவதற்கு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு இரண்டு பிரிவுகள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் அட்மிஷன் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆன்டாப்ஹில், மும்பை